பூட்டு மர்சூக்கும் தம்மாம் இயந்திரமும்

கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதில் மர்சூக் யார் என்று கேட்டால் நான்கு பேரைக் காட்டுவார்கள். பூட்டு மர்சூக் யார் என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். வீட்டை விட்டு இறங்கும்போது கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து மீண்டும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது அவருடைய வழக்கம். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள்மீது அவருக்குக் கோபம் வருவதில்லை. சிரிக்கிறவனும் ஒருவேளை நோட்டம் பார்க்கிறவனாக இருக்கலாம் என்று மட்டும் நினைத்துக்கொள்வார்.

இந்தக் குணம் பாதி பிறவியில் வந்தது. மீதிப் பாதி சவூதியில் வந்தது. உயர்தரப் பரீட்சை முடித்தவுடன் தம்மாம் நகருக்குப் போன மர்சூக், அங்கே ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிக் கூடத்தில் பதின்மூன்று ஆண்டுகள் கணினியை இயக்கும் ஒப்பரேட்டராக வேலை பார்த்தார். மேசைமேல் வைக்கும் கணினியன்று அது. ஓர் அறையின் நடுவே அலுமாரிபோல் நின்று, ஆயிரம் பேருடைய வேலையை ஒரே நேரத்தில் செய்யும் மெயின்பிரேம். அக்கூடத்தின் முதற் சட்டம், இருக்கையை விட்டு எழுந்தால் திரையை மூடிவிட்டு எழ வேண்டும் என்பது. 'லொக்ஓஃப்' என்ற கட்டளையைத் தட்டி முறையாக வெளியேறாமல் தேநீர் குடிக்கப் போன ஒரு பாகிஸ்தானியரை மறுநாள் விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். மர்சூக் ஒருநாளும் அப்படி எழுந்ததில்லை.

சுனாமி அலை வந்த நாளில் அவர் தம்மாமில் இருந்தார். இரண்டு நாட்கள் ஊருக்குத் தொலைபேசி எடுபடவில்லை. மூன்றாம் நாள் மனைவி றபீக்காவின் குரல் கேட்டது.

"நான் இரிக்கன். புள்ள இரிக்கி. உம்மா இரிக்கா. வாப்பா இல்ல. ஊடு இல்ல."

மர்சூக் ஒன்பதாம் நாள் ஊருக்கு வந்து சேர்ந்தார். அடக்கஞ்செய்த கபுறடியில் நின்று, றபீக்காவின் வாப்பாவான மாமா அபுல் ஹஸனுக்காகத் துஆ கேட்டார். அன்று மாலை கூடாரத்தின் முன்னே அமர்ந்திருந்த றபீக்காவிடம், இனி உங்களை விட்டுவிட்டுக் கடல் தாண்ட மாட்டேன் என்று சொன்னார். அவள் அதை மறக்கவில்லை.

அந்தச் சொல்லை நான்கு ஆண்டுகள் காப்பாற்றினார். நிவாரண அமைப்பொன்று நடத்திய கணினி நிலையத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பங்குனியில் அந்த அமைப்பு நிலையத்தை மூடிவிட்டுப் புறப்பட்டது. அதன்பிறகு மைத்துனன் நஸீம் களத்தில் இறங்கினான். றபீக்காவின் தம்பியான அவன் அக்கரைப்பற்றில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருந்தான். கட்டாரில் களஞ்சியக் காப்பாளர் வேலை ஒன்று இருக்கிறது என்றான்; கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு போனான். வைகாசி இருபதாம் திகதி முகவரிடம் அதைக் கையளிக்க வேண்டும். அதன்பின் பின்வாங்க முடியாது.

அதற்குப் பன்னிரண்டு நாட்கள் முன்னதாக வர்கீஸிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தம்மாமில் மர்சூக்குடன் ஒரே ஷிஃப்ட்டில் வேலை செய்த மலையாளி அவர். இப்போது அந்தக் கூடத்துக்கே பொறுப்பாளர். பழைய மெயின்பிரேமில் இனி லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஓட்டப்போகிறோம், தொலைவிலிருந்தே அதைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று எழுதியிருந்தார். சோதனையும் ஒன்று வைத்திருந்தார். பெரிய இயந்திரத்துக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை மர்சூக்கின் பெயரில் ஒதுக்கித் தருவார். பதினேழாம் திகதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அதில் லினக்ஸை நிறுவி ஓடவைத்துக் காட்டினால் வேலை அவருக்கு.

மர்சூக் அந்தக் கடிதத்தை ஐந்து முறை வாசித்தார். எங்கே பொறி இருக்கிறது என்று தேடினார்.

"அந்த லினக்ஸ் என்ன விலை?" என்று றபீக்கா கேட்டாள்.

"சும்மா. ஆரும் எடுக்கலாம், ஆரும் திருத்தலாம்."

அடுக்களையிலிருந்து மாமி சபியா உம்மா எட்டிப் பார்த்தார். "சும்மா தாறவன் மறுகா போட்டோவுக்கு நிக்கச் சொல்லுவான், மனே. கூடாரம் தந்தவன் நிக்கச் சொன்னான், வாளி தந்தவன் நிக்கச் சொன்னான். இவன் ஒண்டும் சொல்லல்லயா?"

"இல்ல மாமி."

"அப்ப இதுல என்னமோ இரிக்கி."

மர்சூக்கும் அப்படித்தான் நினைத்தார்.

மெய்நிகர் இயந்திரம் என்றால் என்ன என்பதை றபீக்காவுக்கு விளக்க அவர் வெகுநேரம் யோசித்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே முறை. மர்சூக் அதிலிருந்தே தொடங்கினார். "பெரிய மெசின் எண்டுறது மாமிட ஊடு மாதிரி. அதுக்குள்ள ஒவ்வொரு மருமகனுக்கும் ஒவ்வொரு அறை. அறைக்குள்ள இரிக்கிறவன் இது முழுக்க என்ட ஊடு எண்டுதான் நினைச்சிருப்பான். ஆனா வெளிச்சமும் தண்ணியும் பெரிய ஊட்டுலதான் வரும்."

"அப்ப அங்கயும் நீங்க மாமிட ஊட்டுலதானா?" என்றாள் றபீக்கா. அடுக்களையில் சிரிப்புக் கேட்டது.

சனிக்கிழமை அவர் வேலையைத் தொடங்கினார். அந்த இயந்திரத்துக்கு இறுவட்டுப் போடும் வாய் கிடையாது. துளையிட்ட அட்டைகளை வாசிக்கும் பழங்காலக் கருவி ஒன்று இருப்பதாக அது பாவனை செய்யும். இல்லாத அக்கருவிக்குள் மூன்று கோப்புகளை, அட்டைக் கட்டுகளைப்போல், முறை பிசகாமல் செலுத்த வேண்டும். உண்மையான அட்டை வாசிப்பான் ஒன்றை மர்சூக் தம்மாமில் பார்த்திருக்கிறார். அதன்மேல் தேநீர்க் கோப்பைகளை வைப்பார்கள். முதல் நாள் மூன்று கோப்புகளில் முதலாவதைத் தவறான வடிவில் அனுப்பியதால் இயந்திரம் ஒரு வரி முறையிட்டுவிட்டு உறைந்தது. அது தம் பிழை என்று கண்டுகொண்டு ஞாயிற்றுக்கிழமை திருத்தினார். நிறுவும் நிரல் கண் விழித்தது.

இப்போது அவர் திரையில் இரண்டு சாளரங்கள் இருந்தன. முதலாவது, கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்துகள் ஓடும் கட்டுப்பாட்டுச் சாளரம். மெய்நிகர் இயந்திரத்தை எழுப்புவதற்கு மட்டும் அது தேவைப்பட்டது. இரண்டாவது, நிறுவல் எவ்வளவு முன்னேறியது என்பதைக் காட்டும் சாளரம். வேலை நாட்களில், 'விருந்தாளி' என்று அழைக்கப்படும் இந்த மெய்நிகர் இயந்திரங்களுக்கு எங்கள் நேரப்படி காலை பத்து மணிக்குத்தான் கதவு திறக்கும், மாலை ஆறரைக்கு மூடிவிடும். விருந்தாளிக்குக் கிடைப்பது மிச்சசொச்ச வலு என்பதால் எல்லாமே ஆமை வேகத்தில் நடந்தன. வட்டைத் தயார்ப்படுத்தவே இரண்டு மணி நேரம். மென்பொருள்களைப் பிரதிசெய்ய மேலும் மூன்று மணி நேரம்.

திங்கட்கிழமை லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. இரண்டாவது சாளரத்தில் வட்டு வேலை முக்கால் பங்கு முடிந்திருந்தது. அதை அப்படியே ஓடவிட்டார். முதலாவது சாளரத்தின் வேலைதான் முடிந்துவிட்டதே. ஆளில்லாத சாளரம் திறந்த கதவுக்குச் சமம். லொக்ஓஃப் தட்டி முறையாக வெளியேறினார். அறையைப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார், பள்ளிவாசலுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது இரண்டாவது சாளரம் செத்துக் கிடந்தது. இயந்திரமும் அணைந்திருந்தது.

மின்சாரம் போயிருக்குமோ என்று றபீக்காவிடம் கேட்டார். போகவில்லை என்றாள். மீண்டும் தொடங்கினார். மாலைத் தொழுகையான அஸரைத் தொழுதுவிட்டு வந்தபோது மறுபடியும் அதே கதை. செவ்வாய்க்கிழமை வட்டு வேலையாவது எப்படியோ தப்பிப் பிழைத்து முடிந்தது; மென்பொருள் பிரதியாகத் தொடங்கியபின் அஸர் வந்தது, இயந்திரம் செத்தது. மர்சூக் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, சாவு நேரங்களைக் கோடுபோட்டு எழுதலானார். புதன் மதியம் அந்தக் கொப்பியை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தார். அவர் அறையில் இருக்கும்போது இயந்திரம் ஒருமுறைகூடச் சாகவில்லை. அவர் பள்ளியில் இருக்கும்போது மட்டுமே செத்தது.

ஆகவே எதிரி அவர் தொழப்போகும் நேரம் பார்த்துக் காத்திருக்கிறான். தொழும் நேரம் தெரிந்தவன் ஊரவனாகத்தான் இருக்க வேண்டும். அவர் கட்டாருக்குப் போனால் யாருக்கு மகிழ்ச்சி?

அந்த வாரம் முழுவதும் நஸீம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். புதன்கிழமை அஸருக்குப்பின் மர்சூக் பள்ளியிலிருந்து திரும்பியபோது, அவருடைய அறை ஜன்னலுக்கு வெளியே அவன் நிற்பதைக் கண்டார். உள்ளே இயந்திரம் செத்திருந்தது.

"என்ன செஞ்ச?" என்று மர்சூக் கேட்டார். குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது.

"என்னத்த?"

"லயினுல என்னமோ செஞ்சிரிக்காய். மூணு நாளாப் பாக்கன். நான் பள்ளிக்குப் போனா நீ இஞ்ச நிக்காய்."

நஸீம் கையிலிருந்த தொலைபேசியைக் காட்டினான். "இந்த மூலையிலதான் மச்சான் சிக்னல் வருகிது. ஒங்கட மெசின எனக்கு எண்ணெய் போடவும் தெரியா, உடைக்கவும் தெரியா."

"கட்டாருக்கு என்னத் தள்ளத்தானே நீ ஓடித் திரியிறாய்?"

சபியா உம்மா வாசலுக்கு வந்துவிட்டார். நஸீம் தாயைப் பார்த்தான், பிறகு மச்சானைப் பார்த்தான். "என்ட ராத்தாட புள்ளக்குச் சோறு வேணும் எண்டு ஓடித் திரியிறன். கள்ளன் எண்டு உம்மாக்கு முன்னால சொல்லிப்போட்டீங்க. சரி. இருபதாம் திகதி பாஸ்போட் ஏஜெண்டுட கைக்குப் போகும்." மோட்டார் சைக்கிளை உதைத்து அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டான்.

அன்று மாமி மருமகனுக்குத் தேநீர் தரவில்லை. றபீக்கா தந்தாள், ஆனால் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு முகத்தைப் பாராமல் போனாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிவரை தொலைபேசி இணைப்பே இல்லை. இணைப்பு வந்ததும் மர்சூக் தொடங்கினார். லுஹருக்குப் போய் வந்தார். இயந்திரம் செத்துக் கிடந்தது. நஸீமோ அக்கரைப்பற்றில் இருந்தான்.

நஸீம் இல்லையென்றால் வர்கீஸ். ஒரு கையால் இயந்திரத்தைக் கொடுத்து, மறு கையால் அதை நிறுத்துகிறான். வேலையைத் தன் ஆளுக்குக் கொடுப்பதற்காக என்னைத் தோற்றவன் என்று காட்டப் பார்க்கிறான். சந்தேகம் ஒரு வீட்டிலிருந்து இறங்கி அடுத்த வீட்டில் ஏறிக்கொண்டது. மர்சூக் அப்போதே ஒரு மின்னஞ்சல் எழுதினார். பதின்மூன்று ஆண்டு நட்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. விளையாடுவதென்றால் ஏழையுடன் விளையாடாதே என்று முடித்து அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை. விருந்தாளிகளுக்கு நாள் முழுவதும் கதவு திறந்திருக்கும்; வலு மிச்சமிருப்பதால் வேகமும் கூடும். ஜும்ஆத் தொழுகைக்கு முன் முடித்துவிடலாம் என்று எட்டு மணிக்கே உட்கார்ந்தார். ஒன்பது மணிக்கு மென்பொருள் பிரதியாகத் தொடங்கியது. ஒன்பதரைக்கு இராணுவத்தின் ஒலிபெருக்கி பேசியது. ஊர் சுற்றிவளைக்கப்பட்டிருக்கிறது, ஆண்கள் எல்லோரும் அடையாள அட்டையுடன் பாடசாலை மைதானத்துக்கு உடனே வர வேண்டும்.

வடக்கே யுத்தம் கடைசி நாட்களில் இருந்தது. சுற்றிவளைப்பு எந்த ஊருக்கும் வரலாம் என்ற நாட்கள் அவை. சப்பாத்துச் சத்தம் ஒழுங்கையில் கேட்டபோது மர்சூக் விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டினார். றபீக்கா அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க! ஆம்புள ஊட்டுக்க நிண்டா என்னெண்டு நினைப்பான்?"

வாழ்க்கையில் முதன்முறையாக, திறந்த திரையை விட்டு, திறந்த கதவை விட்டு மர்சூக் வெளியே போனார்.

மைதானத்தில் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முகமூடியிட்டு, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி யாராவது வருகிறானா என்று ஒவ்வொருவரும் மற்றவர் அறியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மர்சூக்கின் முறை வந்தபோது, மேசையில் இருந்த அதிகாரி தொழில் என்னவென்று கேட்டார். தம்மாமில் எனக்கொரு இயந்திரம் இருக்கிறது, ஆனால் அது உண்மையில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

"கொம்பியூட்டர் மாஸ்டர்," என்றார்.

"ஊட்டுல இன்டர்நெட் இரிக்கா?" மொழிபெயர்ப்பவர் கேட்டார்.

"இரிக்கி."

அதிகாரி எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்பது இன்றுவரை மர்சூக்குக்குத் தெரியாது. இரண்டு மணிக்கு எல்லோரையும் போகச் சொன்னார்கள்.

வீட்டில் மின்சாரம் இல்லை. பத்து மணிக்கே போய்விட்டது என்றாள் றபீக்கா. திரை கறுத்துக் கிடந்தது. முறையாக மூடியபோதே செத்த இயந்திரம், இப்படி விட்டுவிட்டுப் போனால் என்ன கதியாகியிருக்கும்? மர்சூக் லுஹரைத் தொழுதுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். களஞ்சியம், கட்டார், கடல் என்று மனம் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. மூன்றே காலுக்கு மின்விசிறி சுழலத் தொடங்கியது. கடமைக்காகக் கணினியைத் திறந்து தம் பெயரைத் தட்டினார்.

பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. மீண்டும் இணைக்கப்பட்டாய், என்றது. ஐந்து நாட்களாக அவர் காணாத வரி அது. தொடர்க என்ற கட்டளையைத் தட்டினார். பிறகு இரண்டாவது சாளரத்தைத் திறந்தார். அறுநூற்று முப்பத்தெட்டு மென்பொருள்களும் பிரதியாகியிருந்தன. இயந்திரத்தை மீளத் தொடங்கலாமா என்று கேட்டுவிட்டு, எத்தனையோ நேரமாக அது பதிலுக்குக் காத்திருந்தது.

மர்சூக் எழுந்தார், உட்கார்ந்தார், கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு சாவுக்கு முன்னும் தாம் என்ன செய்தோம் என்று விரலை வைத்து எண்ணினார். பாங்கு கேட்டது, லொக்ஓஃப் தட்டினார், பூட்டினார், போனார். இன்றைக்கு மட்டும் தட்டவில்லை.

பழைய கூடத்தில் அவர் பயன்படுத்திய முறைமையில் லொக்ஓஃப் என்றால் ஆள் வெளியேறுவது மட்டுமே. மெய்நிகர் இயந்திரத்திலோ, ஆள் வெளியேறினால் அறையையும் இடித்துவிட்டுப் போகிறார் என்று பொருள். இணைப்பை அறுத்துவிட்டு எழுந்து போயிருந்தால் அது தன்பாட்டில் ஓடியிருக்கும். கவலையற்ற ஒருவன் முதல் நாளே முடித்திருப்பான்.

சந்தேகக்காரன் தன்னையும் இலேசில் நம்பமாட்டான். நிறுவிய லினக்ஸை எழுப்பி, லொக்ஓஃப் தட்டிப் பார்த்தார்: செத்தது. மறுபடி எழுப்பி, தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தார்: பிழைத்திருந்தது. மூன்றாம் முறையும் செய்து பார்த்தபின்தான் நெற்றியில் கையை வைத்தார்.

"றபீக்கா, நான்தான்," என்றார்.

"என்ன நீங்கதான்?"

"மெசினக் கொன்டவன்."

சனிக்கிழமை அலுவலகம் திறந்ததும் வர்கீஸ் பதில் எழுதினார். விடுமுறையில் இருந்ததால் மர்சூக்கின் கடிதத்தை அன்றுதான் வாசித்ததாகவும், பதிவேட்டைப் பார்த்ததில் இயந்திரத்தை அணைத்த பெயர் ஒவ்வொரு முறையும் மர்சூக்குடையதே என்றும் எழுதியிருந்தார். அங்கும் ஒரு கலவரம் நடந்திருந்தது. யுத்தம் நடக்கும் நாடொன்றிலிருந்து ஒருவன் குறித்த நேரங்களில் நுழைந்து, குறித்த நேரங்களில் மறைகிறான் என்று பாதுகாப்புப் பிரிவினர் ஐயங்கொண்டு, கணக்கை முடக்கப் பார்த்தார்களாம். வர்கீஸ் எங்கள் அயல் நகரான கல்முனையின் தொழுகை நேரங்களைத் தேடி எடுத்து, பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாராம். அதன்பின் அவர்களும் சிரித்துவிட்டார்கள். இயந்திரம் ஓடுவதைப் பார்த்தேன். ஆனி முதலாம் திகதியிலிருந்து ஆறு மாதங்கள் பரீட்சார்த்தமாக வேலை செய். உன் கடிதத்தை நான் அழித்துவிட்டேன், நீயும் அழித்துவிடு என்று முடித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மர்சூக் அக்கரைப்பற்றுக்குப் பேருந்து ஏறினார். யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்திருந்தார்கள். கடைகளில் கொடிகள் தொங்கின. சோதனைச் சாவடிகள் அப்படியே இருந்தன. கடைக்கு வெளியிலேயே நஸீம் அவரைக் கண்டுவிட்டான்.

"நில்லுங்க மச்சான். உள்ளுக்க வராதீங்க. ஏதும் உடைஞ்சா நான்தான் எண்டு சொல்லுவீங்க."

கடையில் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் காதுபடவே மர்சூக் சொன்னார்: "பிழ என்டதான். நான்தான் அணைச்சிரிக்கன். நீயில்ல."

"இஞ்ச சொல்லி என்ன? உம்மாக்கு முன்னால சொன்னத உம்மாக்கு முன்னாலதான் எடுக்கணும்."

அதுதான் முறை. மருமகன் மாமியின் வாசலில் சொன்ன சொல்லைத் தெருவில் திருப்பி வாங்க முடியாது. நஸீம் கடையை இழுத்து மூடினான். மச்சானை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டான். இரண்டு சாவடிகளில் இறங்கி நடந்தார்கள்.

சபியா உம்மா எல்லாவற்றையும் கேட்டார். "அப்ப இவன் கள்ளனில்ல?"

"இல்ல மாமி."

"ஊட்டுல இருந்துகொண்டே வேல?"

"ஓம் மாமி."

"என்னெண்டு நம்புற?" என்றார் சபியா உம்மா. ஆனாலும் தேநீர் ஊற்றப் போனார்.

நஸீம் சட்டைப் பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். "போன வெள்ளிக்கே ஏஜெண்டு கேட்டான். குடுக்கல்ல. கடல் தாண்ட மாட்டன் எண்டு ராத்தாக்கு ஒரு சொல்லு சொல்லியிருக்கீங்களாம், அவதான் சொன்னா."

மர்சூக் கடவுச்சீட்டைக் கையில் எடுத்தார். நஸீம் தாய்க்கு உதவ அடுக்களைப் பக்கம் திரும்பியபோது, மேசைக்குக் கீழே அதை விரித்து, பெருவிரலால் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனார். றபீக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாப் பக்கமும் இரிக்கா?"

"ஓம்," என்றார் மர்சூக் தலை கவிழ்ந்து.

அவள் கையை நீட்டிக் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு போய்த் தன் சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.